அழைக்காமல் வந்த மூவிலைச் செடி

பூ வெளியில் பூக்கும். காய் மண்ணுக்குள் காய்க்கும். அது என்ன செடி? ஆறாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் முன்வரிசை, பின்வரிசை என்ற வேறுபாடின்றி எல்லாரும் "நிலக்கடலை" என்று ஒரே குரலில் சொல்வர். விடை சரியே. ஆனால் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. அதே அவரைக் குடும்பத்தில், அதே வித்தையைக் கற்றுவைத்திருக்கும் இன்னொரு செடியும் உண்டு. அதனை மனிதர் உண்பதில்லை, ஆடு மேய்கிறது. அச்செடி ஆஸ்திரேலியாவின் தென்பகுதியைப் பசுமையாக்கியது. பிறகு அதே நாட்டின் ஆட்டு மந்தைகளை மலடாக்கியது. அந்தக் கேட்டுக்கு மாற்றும் அச்செடியின் கூட்டத்திலிருந்தே கிடைத்தது. மரபியல் பாடத்தில் நாம் படிக்கும் 'வேறுபாடு' என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை இச்செடியின் கதையைக் கொண்டு காண்போம்.

அதன் பெயர் நிலத்தடிக் குளோவர். குளோவர் என்ற பெயர் உங்களுக்கு முற்றிலும் புதியதன்று. சீட்டுக்கட்டில் கறுப்பு நிறத்தில் மூன்று இதழ்களோடு இருக்கும் சின்னத்தை வீட்டில் பெரியவர்கள் 'கிளாவர்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். (சீட்டாட்டத்துக்கு நம் ஆண்டு மலரில் இடமில்லை, இலையின் வடிவத்தை நினைவூட்டவே சொன்னேன்.) ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். ஆகவே மூவிலைச் செடி என்று நாம் அழைத்தால் தவறில்லை. தாவரவியலார் இட்ட பெயர் டிரைபோலியம் சப்டெரேனியம். 'டிரை' என்றால் மூன்று, 'போலியம்' என்றால் இலை, 'சப்' என்றால் கீழே, 'டெர்ரா' என்றால் மண். இலத்தீன் தெரிந்தவர்க்குப் பெயரே பாதிப் பாடம்.

இதன் தாயகம் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை வறண்டு கிடக்கும். இலையுதிர்காலத்து முதல் மழையில் இச்செடி முளைக்கும். குளிர்காலம் முழுவதும் தரையோடு தரையாகப் படரும். வசந்தத்தில் பூக்கும். கோடை முற்றுமுன் விதையைப் புதைத்துவிட்டு மடியும். பூக்கள் சிறியவை, வெளிறியவை. ஒரு காம்பின் நுனியில் மூன்று நான்குதான் இருக்கும். கருவுற்றதும் அக்காம்பு தலைகுனிந்து மண்ணை நோக்கி வளைகிறது. அதுவரை ஒளிந்திருந்த மலட்டு மலர்கள் முட்களைப் போல நீண்டு, பின்னோக்கி மடிந்து, விதைகளைச் சுற்றி ஒரு கூடு கட்டிவிடுகின்றன. அக்கூடு மண்ணுக்குள் புகுகிறது. நிலக்கடலையிலோ, பூ வாடியபின் விழுது ஒன்று மட்டுமே மண்ணில் இறங்கும். இங்கே பூங்கொத்தே இறங்குகிறது. இரண்டிற்கும் அதுதான் வேறுபாடு. ஆட்டின் பல்லும் கோடை வெயிலும் எட்டாத இடத்தில் விதை பத்திரமாக இருக்கும்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. முற்றிய விதைகளிற் பெரும்பாலானவை நீர் புகாத தோல் உடையவை. இவற்றைக் கடின விதைகள் என்பர். கோடையில் பகலின் சூடும் இரவின் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்க, தோல் சிறிது சிறிதாக இளகுகிறது. எல்லா விதையும் ஒரே ஆண்டில் இளகுவதில்லை. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கோடை நடுவில் ஒரு மழை ஏமாற்றிப் பெய்துவிட்டு மறைந்தால், இளகிய விதைகள் முளைத்து வெயிலில் கருகிவிடும். இளகாதவை மண்ணுக்குள் காத்திருந்து உண்மையான மழைக்கு முளைக்கும். நம் வீடுகளில் சம்பளம் முழுவதையும் முதல் தேதியிலேயே செலவழித்துவிடாத தாய்மார்களை இவ்விதைகள் எனக்கு நினைவூட்டுகின்றன.

அவரைக் குடும்பத்துக்கே உரிய வேர்முடிச்சுகள் இதற்கும் உண்டு. அவற்றில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. ஒரு டன் உலர்ந்த தீவனம் விளையும்போது சுமார் 20 முதல் 25 கிலோ நைட்ரஜன் இவ்வாறு நிலைப்படுத்தப்படுகிறது என்பது பொதுவான கணக்கு. ஆடு வயிறு நிறைய மேயும். அடுத்து விதைக்கும் கோதுமைக்கு உரமும் மிஞ்சும்.

வந்த கதை

இனி ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் அங்குக் குடியேறியபோது ஆடு, மாடு, வைக்கோல், விதை மூட்டை எல்லாம் கப்பலில் வந்தன. அவற்றோடு, ஒருவரும் கேளாமல், ஒருவரும் கவனியாமல் இக்குளோவரின் விதைக்கூடுகளும் வந்தன. கூட்டின் முட்கள் கம்பளியில் ஒட்டிக்கொள்ளும், வைக்கோலிற் சிக்கிக்கொள்ளும். தென் ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையிலும் மழை குளிர்காலத்திலேயே பெய்கிறது. நாம் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடும் மார்கழியில் அங்கே கடுங்கோடை. செடிக்குத் தாய்வீட்டுத் தட்பவெப்பம் கிடைத்துவிட்டது. அது வேரூன்றிப் பரவியது.

இப்படி அயல்நாட்டிலிருந்து வந்து, உழுவாரும் விதைப்பாரும் இன்றித் தானே பெருகி நிலைத்துவிட்ட செடிகளை 'நாட்டில் நிலைத்த செடிகள்' எனலாம். நம் ஊரிலும் அத்தகையவை பல. வரப்பில் மஞ்சள் நடுவோடு பூத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டும், வேலியோரத்து உண்ணிச்செடியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. எத்தனை தலைமுறையாகக் கண்டு பழகியதால், அவற்றை அந்நியம் என்று சொன்னால் பாட்டிமார் நம்பமாட்டார்கள்.

ஆஸ்திரேலியரும் இக்குளோவரை நெடுநாள் வெறும் களையாகவே பார்த்தனர். தென் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் பார்க்கர் என்ற ஊரின் அருகே நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஏமஸ் ஹோவர்ட் என்பவர்தாம் 1889-இல் பக்கத்துப் பண்ணையில் இச்செடி செழித்திருப்பதைக் கண்டு, இது களையன்று, தீவனம் என்று உணர்ந்தார். 1906-இல் இதன் பெருமையைச் செய்தித்தாளில் எழுதி மக்களறியச் செய்தார். விதை விற்கவும் தொடங்கினார். ஆனால் விதை சேகரிப்பது எளிதாக இல்லை. விதைதான் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறதே! ஆட்டுத்தோலை உருளையிற் சுற்றி நிலத்தின்மேல் உருட்டி, கம்பளியில் கூடுகள் ஒட்டிக்கொள்ளும்படி செய்து சேகரித்த காலமும் உண்டு. எந்தக் கம்பளியில் ஒட்டிக்கொண்டு வந்ததோ, அந்தக் கம்பளியாலேயே அதனை அறுவடை செய்திருக்கிறார்கள்!

அந்நாட்டு மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. சூப்பர் பாஸ்பேட் உரம் தூவியபின் குளோவர் செழித்தது. 'சப்பும் சூப்பரும்' என்று அந்நாட்டு விவசாயிகள் பழமொழி போலச் சொல்லுமளவுக்கு இவ்விரண்டும் இணைபிரியா ஜோடியாயின. இக்குளோவர் விதைக்கப்பட்ட பரப்பு சுமார் 2 கோடியே 90 லட்சம் ஹெக்டேர் என்று மதிப்பிட்டுள்ளனர். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர்தான். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று பலவான விதம்

ஹோவர்ட் பரப்பிய வகைக்கு மவுண்ட் பார்க்கர் என்ற பெயரே நிலைத்தது. அது பூக்கச் சுமார் 140 நாட்கள் எடுத்துக்கொள்ளும். நீண்ட மழைக்காலம் உள்ள குளிர்ந்த ஊர்களுக்கு அது பொருத்தம். மழை சீக்கிரம் நின்றுவிடும் கோதுமைச் சீமையில், அது பூப்பதற்குள் நிலம் காய்ந்துவிடும், விதை ஏது?

அந்த வறண்ட ஊர்களிலும் குளோவர் இருக்கத்தான் செய்தது. தேடிப் பார்த்தபோது, ஓரிடத்தில் மிக முன்னதாகப் பூக்கும் வகை கிடைத்தது. வேறோரிடத்தில் நீர் தேங்கும் சேற்றிலும் வாழும் வகை. இன்னோரிடத்தில் சுண்ணாம்புத் தன்மையுள்ள களிமண்ணில் மண்வெடிப்புக்குள் கூட்டைச் செருகிவிடும் வகை. இவற்றிற்கு அவை கிடைத்த இடத்தின் பெயரையே சூட்டினர். டுவால்கானப், ஜெரால்ட்டன், யார்லூப், கிளேர், பேக்கஸ் மார்ஷ், தாலருக், சீட்டன் பார்க், வூகனெலப், டாலியாக், நங்கரின்... சேலத்து மாம்பழம், மணப்பாறை முறுக்கு என்பது போல! இப்பெயர்களைத் தொடர்ந்து சென்றால் தெற்கு ஆஸ்திரேலியாவின் வரைபடத்தைப் பாதி வரைந்துவிடலாம். நங்கரின் சுமார் 80 நாட்களிலேயே பூத்துவிடும். மவுண்ட் பார்க்கரோடு ஒப்பிட்டால் இரண்டு மாத வேறுபாடு. அந்த இரண்டு மாதத்தில், சாகுபடி செய்யத்தக்க நிலத்தின் எல்லை எத்தனையோ மைல் உள்நாட்டுக்குள் நகர்ந்துவிடுகிறது.

இவை யாவும் ஒரே இனம். இலையைக் கூர்ந்து நோக்கினால் வேறுபாடு புலப்படும். சிலவற்றின் சிற்றிலை நடுவே பிறை போன்ற வெளிறிய குறி இருக்கும்; சிலவற்றில் பழுப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும். இலையடிச் செதிலின் நிறம், கொடியின் மயிர், புல்லிவட்டத்தைச் சுற்றிய சிவப்பு வளையம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து, இது இன்ன வகை என்று பழகியவர்கள் சொல்லிவிடுவர். ஒரே வகுப்பில் சீருடை அணிந்து அமர்ந்திருக்கும் உங்களை ஆசிரியை பெயர் சொல்லி அழைப்பதில்லையா, அதைப் போல.

இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கப்பலில் வந்ததே; ஒரே கப்பலில் அன்று, பல துறைமுகங்களிலிருந்து பல ஆண்டுகளாகப் பல வகைகள் வந்திருக்க வேண்டும். மறுபகுதி ஆஸ்திரேலிய மண்ணிலேயே பிறந்தது. இதனை விளங்கிக்கொள்ளக் கிரெகோர் மெண்டலிடம் போகவேண்டும். புரூன் நகரத்து அகுஸ்தீன் சபைத் துறவியான அவர் 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணியை வைத்துச் செய்த சோதனையை நீங்கள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அவர் பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முக்கிய காரணம், அது தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. எனவே தாயைப் போலவே பிள்ளை வரும். குளோவரில் இந்த இனமும் அப்படித்தான். ஆகவே ஒரு வகை ஒரு நிலத்தில் ஊன்றிவிட்டால் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கும்.

ஆனால் மிக அரிதாக ஒரு தேனீ ஒரு வகையின் மகரந்தத்தை இன்னொன்றின் மேல் கொண்டு சேர்த்துவிடுகிறது. அப்போது என்ன நிகழும்? பத்துப் பண்புகளில் வேறுபட்ட இரு வகைகள் கலந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பண்பையும் ஒரு ஜோடி ஜீன்கள் தனித்தனியே நிர்ணயிப்பதாகவும் கொள்வோம். முதல் கலப்புச் செடி பத்து ஜோடியிலும் கலப்பாக இருக்கும். அதன் பிறகு தன் மகரந்தச் சேர்க்கையே தொடர்வதால், ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும்: பாதி, கால், அரைக்கால் என்று. எட்டு, பத்துத் தலைமுறையில் மீண்டும் தூய வகைகளே இருக்கும். ஆனால் அவை எத்தனை விதமாக இருக்கலாம்? பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். 1,024! பெற்றோர் இருவர், பிறக்கக்கூடிய புதிய தூய வகைகளோ ஆயிரத்துக்கு மேல். அவற்றுள் அந்த மண்ணுக்கும் அந்த ஊர் மழைக்கும் பொருந்தியவை தங்கும், மற்றவை மறையும். உழவனும் விஞ்ஞானியும் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் ஆட்டு மந்தைகளும் வறட்சியும் சேர்ந்து பயிர்த் தேர்வு நடத்திக்கொண்டிருந்தன என்று சொல்லலாம்.

இஃது ஊகமன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் 1960-களில் நாட்டில் நிலைத்த வகைகளைத் திரட்டி ஆராய்ந்தார். தென் ஆஸ்திரேலியாவில் காக்ஸ், பிலிப்ஸ் ஆகிய இருவர் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வந்து 1979-இல் முடிவை வெளியிட்டனர். விற்பனை வகைகள் எதனோடும் பொருந்தாத புதிய வகைகள் ஏராளமாக இருப்பதை அவர்கள் கண்டனர். ஒருவரும் விதைக்காதவை அவை. வந்தவற்றிலிருந்து அங்கேயே உருவானவை.

குட்டிகள் பிறக்காத ஆண்டுகள்

இந்தப் பன்மையால் என்ன பயன் என்று கேட்கலாம். மேற்கு ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அதன் விடை மிகுந்த துன்பத்தோடு வந்தது.

முன்னதாகப் பூக்கும் டுவால்கானப் வகையை அங்கே பரவலாக விதைத்திருந்தனர். மேய்ச்சல் பச்சைப் பசேலென்று இருந்தது. ஆடுகள் கொழுத்திருந்தன. ஆனால் 1940-களின் தொடக்கத்திலிருந்து பண்ணைக்காரர்கள் ஒன்றைக் கண்டு திகைத்தனர்: பெட்டையாடுகள் சினைப்படவில்லை. சினைப்பட்டவற்றுள்ளும் குட்டி ஈனமுடியாமல் மாண்டவை பல. குட்டி போடாத ஆடுகளுக்கு மடி சுரந்தது. காயடிக்கப்பட்ட கிடாக்களுக்குக்கூடச் சுரந்தது. பஞ்சத்தில் ஆடு மெலிந்து மலடாவது புரியும். வயிறார உண்ட ஆடு மலடாவானேன்? மந்தையை நம்பி வாழும் குடும்பத்துக்குக் குட்டி பிறக்காத ஆண்டு என்பது விளைச்சலற்ற ஆண்டு. ஒரே ஆண்டானால் கடன் வாங்கித் தாங்கலாம். இஃது ஆண்டுக்காண்டு மோசமாயிற்று. அந்தக் காட்டில் மேய்ந்த ஆடுகளை வேறு காட்டுக்கு மாற்றிய பின்னும் பலவற்றிற்கு மலடு நீங்கவில்லை.

பென்னட்ஸ், அண்டர்வுட், ஷையர் ஆகிய மூவர் 1946-இல் இதனை விவரித்து எழுதி, குற்றவாளி குளோவரே என்று காட்டினர். பெண்ணுயிர்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் போலச் செயற்படும் பொருள் ஏதோ செடியில் இருக்க வேண்டும். அது எது? 1951-இல் குளோவர் இலையிலிருந்து ஜெனிஸ்டீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். ஆகா, அகப்பட்டது என்றனர். உண்மைக் குற்றவாளி அதுவன்று என்பது பின்னரே தெரிந்தது. ஆட்டின் முன்வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஜெனிஸ்டீனைச் சிதைத்துத் தீங்கற்றதாக்கிவிடுகின்றன. ஆனால் உடனிருக்கும் பார்மோனோனெட்டின் என்ற மற்றொரு பொருளை, தான் அளவில் அவ்வளவு வலியற்றதை, அதே நுண்ணுயிர்கள் ஈக்குவால் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. அந்த ஈக்குவால்தான் இரத்தத்தில் கலந்து கேடு செய்கிறது. துப்பறியும் கதைகளில் வருவது போல, முதலிற் பிடிபட்டவன் நிரபராதி. கூட நின்றவனே குற்றவாளி.

காரணம் தெரிந்தது. மருந்து? மருந்து இல்லை. குளோவரை அழித்துவிடலாமா? அழித்தால் மண்ணின் தழைச்சத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில்தான் பழைய வேலியோரங்களும் கைவிடப்பட்ட காடுகளும் கைகொடுத்தன. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ், மில்லிங்டன் என்ற இருவர் சிறிதளவு இலையைக் கொண்டே இப்பொருள்களை அளக்கும் முறையை வகுத்து, வகைக்கு வகை ஒப்பிட்டு 1965-இல் வெளியிட்டனர். வேறுபாடு வியக்கத்தக்கதாக இருந்தது. டுவால்கானப், யார்லூப், டினினப், ஜெரால்ட்டன் ஆகியவற்றில் பார்மோனோனெட்டின் மிகுதி. சீட்டன் பார்க், டாலியாக் போன்றவற்றில் மிகச் சொற்பம். சீட்டன் பார்க் அடிலெய்டு நகரின் புறத்தே கிடைத்த வகை. டாலியாக் மேற்கு ஆஸ்திரேலியாவில் யார்க் என்ற ஊர்ப்பக்கம் தானே நிலைத்திருந்தது. ஆய்வகத்தில் எவரும் அவற்றை உண்டாக்கவில்லை. அவை ஏற்கெனவே நிலத்தில் இருந்தன. ஆட்டுக்குத் தெரிந்திருந்தது, மனிதருக்குத் தெரியாமலிருந்தது.

உலர்ந்த தீவனத்தில் பார்மோனோனெட்டின் 0.2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற அளவுகோலை வகுத்து, அதற்குட்பட்ட வகைகளையே அதன்பின் வெளியிட்டனர். அவற்றுள் சில நேரே நிலத்திலிருந்து எடுத்துப் பெருக்கியவை. சில அவற்றைப் பெற்றோராகக் கொண்டு கலப்பினால் பெற்றவை. 1970-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பூஞ்சையால் வரும் கருகல் நோய் குளோவரைத் தாக்கியது. வூகனெலப் போன்ற நல்ல வகைகளும் கருகின. அப்போதும் இதே களஞ்சியத்தில்தான் தாங்குந்திறனைத் தேடினர்.

களஞ்சியமும் வற்றும்

எல்லா வந்தேறிச் செடிகளும் இப்படிக் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஆஸ்திரேலியாவின் வெப்பமான வடபகுதியில் நடந்ததைக் கேளுங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு ஸ்டைலோ செடி டவுன்ஸ்வில் துறைமுகத்தின் பக்கம் தானே வந்து ஊன்றிப் பரவியது. மாடுகளுக்கு அருமையான தீவனம். அதற்கு டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்று பெயரிட்டு மேலும் பரப்பினர். பூக்கும் காலத்திலும் தோற்றத்திலும் அதனுள்ளும் வேறுபாடுகள் இருந்தன. ஆனால் 1973-இல் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் அங்கே காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அச்செடி பயிர் என்ற நிலையிலிருந்தே வீழ்ந்துவிட்டது. வந்து சேர்ந்த மூலச்செடிகளில் அந்நோயைத் தாங்கும் பண்பு போதுமான அளவு இருக்கவில்லை. இல்லாத பண்பை எத்தனை கலப்பு நடந்தாலும் எங்கிருந்து பெறுவது? மீண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகளையே நாடி, வேறு ஸ்டைலோ இனங்களைப் பயிரிட வேண்டியதாயிற்று. நம் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் 'முயல் மசால்' என்ற பெயரில் வளர்க்கிறார்களே, அது அந்த இனங்களுள் அடங்கியதுதான்.

குளோவருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு ஸ்டைலோவுக்குக் கிடைக்கவில்லை. எனவே வல்லுநர்கள் இரண்டு திசையிலும் பார்க்கிறார்கள். ஒன்று தாயகம்: ஸ்பெயின், சார்டினியா, கிரேக்கம் முதலிய இடங்களின் மலைச்சரிவுகளில் காட்டு வகைகளைத் திரட்டுவது. மற்றொன்று, நூறு ஆண்டுகளாகப் புதிய மண்ணில் புடம்போடப்பட்ட நாட்டில் நிலைத்த வகைகள். என் கருத்தில் இரண்டாவது நெடுங்காலம் அலட்சியம் செய்யப்பட்டது. தொலைவில் உள்ளதற்குக் கப்பலேறிப் போவார்கள். வாசற்படியில் முளைத்ததைக் குனிந்து பார்ப்பதில்லை. இதற்கிடையில் பழைய மேய்ச்சல் நிலங்களை உழுது ஒரே புதிய இரகத்தை விதைக்கும்போதும், தொடர்ந்து தானியமே பயிரிடும்போதும், பெயரிடப்படாத அந்த வகைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.

திரட்டியவை இன்று விதை வங்கிகளில் குளிரில் வைத்துக் காக்கப்படுகின்றன. 2014-இல் அடிலெய்டில் ஆஸ்திரேலிய மேய்ச்சல் பயிர்களுக்கென்றே ஒரு விதை வங்கி ஏற்படுத்தப்பட்டது. நிலத்தடிக் குளோவரில் மட்டும் ஏறத்தாழ பத்தாயிரம் மாதிரிகள் சேர்ந்துள்ளன. பத்தாயிரத்தையும் ஆண்டுதோறும் விதைத்துச் சோதிக்க முடியுமா? ஆகவே மொத்தப் பன்மையின் பெரும்பகுதியைத் தம்முள் அடக்கிய 97 மாதிரிகளைத் தேர்ந்து ஒரு மையத் தொகுப்பு அமைத்திருக்கிறார்கள். ஒரு புதிய நோய் வந்தால் முதலில் இந்த 97-ஐச் சோதிப்பார்கள். தாங்குவது எதுவோ, அதன் உறவினர்களைப் பிறகு பெருந்தொகுப்பில் தேடுவார்கள். இச்செடிக்கு 16 குரோமோசோம்கள்தான். அதன் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து 2016-இல் வெளியிட்டனர். அதற்கு எடுத்துக்கொண்ட வகை எது தெரியுமா? யார்க் ஊர்ப்பக்கம் கிடைத்த அதே டாலியாக்தான்.

டுவால்கானப் என்னவாயிற்று என்று உங்களில் யாராவது கேட்கக்கூடும். அது இன்னும் இருக்கிறது. கடின விதையின் பெருமையை முன்னர்ச் சொன்னேன்; அந்தப் பெருமை கெட்ட வகைக்கும் உண்டல்லவா? புதிய இரகத்தை மேலே விதைத்துவிட்டாலும் பழைய விதைகள் மண்ணுக்குள் காத்திருந்து முளைக்கின்றன. டுவால்கானப், யார்லூப், டினினப் ஆகியவை மேற்கு ஆஸ்திரேலியாவின் பல மேய்ச்சல் காடுகளில் இன்றும் காணப்படுகின்றன. அவற்றோடு கலந்து பிறந்த பெயரற்ற வகைகளும் உண்டு. அதனால் அங்குள்ள பண்ணைக்காரர், செடி பசுமையாக இருக்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் காட்டின் குறுக்கே நடந்து, அங்கங்கே குனிந்து கொடிகளைப் பறித்து, இலையின் பிறைக்குறியையும் செதிலின் நிறத்தையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். கண்ணால் தீர்மானிக்க முடியாதபோது இலைகளை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். செடி காய்ந்தால் பார்மோனோனெட்டின் குறைந்துவிடும் என்பதால், ஐயம் உள்ள காடு பழுப்பாகும்வரை இளம் பெட்டையாடுகளை அதில் விடுவதில்லை.